கட்டிலில் கயிறு இல்லை

படிப்பவரே, உங்களைச் சாட்சியாக நிறுத்தித்தான் இதைத் தொடங்குகிறேன். தீர்ப்புச் சொல்ல உங்களை நான் அழைக்கவில்லை. தீர்ப்பு எங்கள் கடற்கரையில் கைதட்டலோடு எப்போதோ வழங்கப்பட்டுவிட்டது. அந்தக் கைதட்டலைக் கேட்டவர்கள் பலர். அதற்கு முன் ஒரு மருத்துவமனைக் கட்டிலைச் சுற்றி நடந்ததைப் பார்த்தவர்களோ மிகச் சிலர். அவர்களில் ஒருவர் பேசத் தொடங்கினால் அழுதுவிடுகிறார். ஒருவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. இன்னொருவர் எவ்வளவு உரக்கப் பேசினாலும் எங்கள் தெருவில் அவர் பேச்சு எடுபடாது. எஞ்சியவன் நான். ஆகவே நீங்களும் வந்து அந்தக் கட்டிலருகே சற்று நேரம் நில்லுங்கள்.

என் தகப்பனார் தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர். முத்துக் குளிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கடலடிப் பாறைத் திட்டுகளான பார்களில் சிப்பி விளையவில்லை என்றார்கள். முத்துக்கு இறங்கிய குடும்பங்கள் சங்குக்கு இறங்கின. நான் பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவன். எங்கள் தெருவிலிருந்து அங்கே போன முதல் ஆள். மேடையில் என்னை எதிர்த்து நின்ற எவரும் தம் வாதத்தை முழுமையாக வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை என்று என் ஆசிரியர்களே சொல்வார்கள். இதை அடக்கத்தின் பொருட்டு மறைக்க நான் விரும்பவில்லை. பேச்சால் எதையும் வெல்லலாம் என்று நம்பியவனுக்கு, பேசாத ஒருவரால் நேர்ந்த தோல்வியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குளிப்பவர்களின் வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காலில் ஒரு கல், இடுப்பில் சங்கு பொறுக்கிப் போட வலைப்பை, உடம்போடு ஒரு கயிறு. இவற்றோடு ஆள் இறங்குவார். கயிற்றின் மறுமுனையைத் தோணியில் நிற்பவர் பிடித்திருப்பார். பெரும்பாலும் அவர் குளிப்பவரின் மனைவியுடன் பிறந்தவராக இருப்பார். தன் கூடப்பிறந்தவள் தாலி அறுக்கக்கூடாது என்று கவனமாய் இருப்பார் அல்லவா? என் தகப்பனாரின் கயிறு என் தாய்மாமன் கையில் இருந்தது. மூச்சு முட்டும்போது கீழிருந்து கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் மேலே தூக்கிவிடுவார்கள். அந்தச் சுண்டலைக் கடைசி மூச்சு வரை தள்ளிப்போடுவதுதான் ஆண்மை. மூச்சு மிச்சமிருக்கையில் சுண்டியவன் தோணியில் ஏறியதும் மற்றவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "என்னலே, தண்ணி சுட்டுருச்சோ?" அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே காதில் இரத்தம் வழிய மேலே வந்தவர்களை நான் சிறுவயதில் கண்டிருக்கிறேன். என் தகப்பனார் வாழ்நாளில் ஒரு முறைகூட அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டதில்லை.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த சமயம் அவருக்குக் குடலிறக்கம் கண்டது. வலது தொடை இடுக்கில் ஒரு முட்டை அளவுக்குப் புடைத்து, படுத்தால் உள்ளே போய், கல்லோடு இறங்கும்போது வெளியே தள்ளும். துணியை மடித்து வைத்து இறுகக் கட்டிக்கொண்டு ஒரு குளிப்புக் காலம் முழுவதும் அதை மறைத்தார். இரண்டாவது காலத்தில் தோணிக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் கண்ணில் பட்டுவிட்டது. அவர் கத்திப் பேசுகிற ஆள் அல்ல. "அடுத்த குளிப்புக்குள்ள இத சரி பண்ணிட்டு வாரும். இல்லேன்னா அந்த எடத்துல வேற ஆளு நிக்கும். எனக்குத் தோணி ஓடணும்லா?" என்று மட்டும் சொன்னார். தோணியில் ஓர் இடம் ஒருமுறை போனால் அந்த வயதில் திரும்பக் கிடைக்காது. என் தகப்பனார் இனிக் கடலில் இறங்குவாரா, மாட்டாரா என்ற ஒரே கேள்வியோடுதான் நாங்கள் மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கிருந்த அறுவை மருத்துவர் இளையவர். யுத்தத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். தகப்பனாரின் முதுகைத் தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டுவிட்டு, அவர், மாமா, நான் என்று எங்கள் மூவரையும் உட்காரவைத்து விளக்கினார்.

"இத்தனை வருஷம் மூச்சடக்கின நெஞ்சு இது. ஈதர் கொடுத்து மயக்கினா சளி கட்டிக்கும். அதனால ஆளை மயக்கப்போறதில்லை. அடிவயித்துக்கு வர்ற நரம்பை மட்டும் ஊசி போட்டு மரத்துப்போக வைக்கிறேன். வெட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு, தைச்சு மூடுறதுக்கு முன்னாடி ஒண்ணு. ரெண்டாவது ஊசி கொஞ்ச நேரம் தாங்கும். அது இறங்க ஆரம்பிக்கிறப்பவே மூணாவதைப் போட்டாகணும். இதுல நேரம்தான் எல்லாம். வலி முழுசா ஏறினப்புறம் போட்டா மருந்து பாதி வேலைதான் செய்யும். அதுக்குள்ள வயிறு கல்லா இறுகிடும். ஆள் இருமப் பயப்படுவார். இருமலைன்னா சளி தங்கும், காய்ச்சல் வரும். அப்புறம் அடக்க முடியாத இருமல் ஒண்ணு வந்து உள் தையலைப் பிய்ச்சிடும். அதனால முதல்ல சுருக்குன்னு ஒண்ணு தெரிஞ்சதுமே என்னைக் கூப்பிடணும். சரியா, பெரியவரே?"

"எம்புட்டு வலிச்சா கூப்பிடணும், டாக்டர்?"

"கொஞ்சம் வலிச்சாலே."

தகப்பனார் தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் மாமாவைப் பார்த்துச் சிரித்தார். "கொஞ்சம் வலிக்கதுக்கு டாக்டரக் கூப்பிடணுமாம்லா, மாப்ள!" மாமாவும் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலை வீட்டில் நான் அவரோடு முறையாக வாதிட்டேன். கடலில் கயிற்றைச் சுண்டத் தாமதித்தால் ஒரு சங்கு கூடுதலாகக் கிடைக்கலாம். கட்டிலில் வலியைச் சொல்லத் தாமதித்தால் கிடைப்பது ஒன்றுமில்லை, இழப்பதோ கடல் முழுவதும் என்று சொன்னேன். மருத்துவர் சொன்னதைக் கண்ணி கண்ணியாகக் கோத்து, இருமலில் தொடங்கித் தோணியில் இழக்கப்போகும் இடம் வரை கொண்டுவந்து நிறுத்தினேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, "கேளுங்க, பிள்ள நல்லாச் சொல்லுதான்" என்றாள். தகப்பனார் கடைசிவரை கேட்டார். "சரிலே" என்றார். மேடைகளில் இதைவிட அரைகுறையான இணக்கங்களை எல்லாம் வெற்றி என்று எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அறுவையன்று காலையில் அவருக்கு முன் இன்னொருவருக்கும் அதே சிகிச்சை நடந்தது. அவர் நாசரேத்துப் பக்கம் பனங்காட்டு ஊரிலிருந்து வந்து எங்கள் ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சி. சர்க்கரை மூட்டை தூக்கியதில் குடல் இறங்கியவர். இருவரையும் அடுத்தடுத்த கட்டிலில் போட்டார்கள். தகப்பனார் விழித்த கண்ணோடும் சிரித்த முகத்தோடும் வந்தார். "ஒண்ணும் தெரியலலே. பாய்த்துணி கிழிக்க மாதிரி சத்தம் மட்டும் கேட்டுச்சு. டாக்டர் கடலப் பத்திக் கேட்டாரு, நான் சொல்லிட்டே கெடந்தேன்" என்றார். எல்லாம் சரியாகவே தொடங்கியிருந்தது.

பிற்பகலில் வெயில் சன்னலைவிட்டு நகரும்போது பக்கத்துக் கட்டிலில் கூச்சல் எழுந்தது.

"டாக்டரே! ஓடி வாரும்! வந்துட்டு, வந்துட்டு!"

செவிலிப் பெண் பதறி வந்து, "என்ன வந்துட்டு?" என்றாள்.

"எறும்பு கடிக்கி தாயி, எறும்பு!"

"வலிக்குதா?"

"இன்னும் வலிக்கல. வலிக்கப்போவுது. எனக்குத் தெரியாதா? போய் அவரக் கூட்டிட்டு வா!"

மாமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கட்டிலின் குறுக்கே எட்டிப்பார்த்துக் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, தண்ணி சுட்டுருச்சோ?"

அண்ணாச்சிக்கு அந்தக் கேலியின் கடல் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் கேலி என்பது தெரிந்தது. "ஆமாவே, சுட்டுச்சு! சுட்டாக் கத்தணும். அதுக்குத்தான வாயி? ஒம்ம மாதிரி முழுங்கிக்கிட்டுக் கெடக்க நான் என்ன மீனா?"

மருத்துவர் ஓடிவந்து ஊசி போட்டார். சற்று நேரத்தில் அண்ணாச்சி தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, சொன்னபடி இருமி, சளியைத் துப்பி, கஞ்சியில் உப்பில்லை என்று சண்டை பிடித்தார். அறை முழுதும் சிரித்தது. என் தகப்பனாரும் சிரித்தார். வயிறு குலுங்காமல் உதட்டால் மட்டும் சிரித்தார். அதை நாங்கள் எவரும் கவனிக்கவில்லை.

மருத்துவர் இந்தப் பக்கம் திரும்பினார். "உங்களுக்குப் பெரியவரே?"

"ஒண்ணுமில்ல, டாக்டர்."

"சுருக்குன்னுகூட இல்லையா? இந்நேரம் தெரியணுமே. போட்டுடட்டுமா?"

"நல்லாருக்கேன் டாக்டர். அவரப் பாரும், பாவம்."

மருத்துவர் ஐயத்தோடு என்னைப் பார்த்தார். நானும் கேட்டேன். "இல்லன்னு சொல்லுதம்லா?" என்று எனக்கு மட்டும் சற்றுக் கடுமையாக வந்தது பதில். அந்நேரம் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றிய சரக்கு ஒருவன் காலின்மேல் சரிந்துவிட்டது என்று ஆள் ஓடிவந்தான். மருத்துவர் பையை எடுத்துக்கொண்டார். போகிற போக்கில் செவிலியிடம், "இந்த ஊசியை நான்தான் போடணும். இவர் ஏதாவது சொன்னா உடனே ஆள் அனுப்பு" என்றார். இவர் ஏதாவது சொன்னால்! ஒரு மனிதரின் உடல் முழுவதையும் அந்த ஒரு சொல்லின்மேல் வைத்துவிட்டு அவர் படியிறங்கினார். அவர்மேல் குற்றமில்லை. காலில்லாமல் போகவிருந்தவனும் ஒரு மனிதன்தான்.

பிறகு மாலை மெல்லத் தேய்ந்தது. மாமா பனையோலை விசிறியால் வீசிக்கொண்டே, எந்தத் தோணியைப் பழுது பார்க்கிறார்கள், யார் வீட்டில் பெண் கேட்டு வந்தார்கள் என்று ஊர்க்கதை சொன்னார். தகப்பனார் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினார். நெற்றியில் வேர்வை நின்றது. காற்றில்லாத நாள்; எல்லோருக்கும்தான் வேர்த்தது. அவருடைய வலது கை மார்பின்மேல் அமைதியாகக் கிடந்தது. இடது கை கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தொங்கியது. அது எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

விளக்கேற்றும் வேளையில் மாமா ஒரு கதையின் நடுவில் இருந்தபோது தகப்பனார் ஒரே ஒரு சொல் சொன்னார்.

"மாப்ள."

மாமா விசிறியைப் போட்டுவிட்டு எழுந்தார். அந்தக் குரலை அவர் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனால் அது எதைச் சொல்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. சுவர்ப்பக்கம் கையை விட்டு என் தகப்பனாரின் இடது கையை வெளியே எடுத்தார். கட்டிலின் இரும்புச் சட்டத்தை அது அவ்வளவு நேரமும் பிடித்திருந்தது. உள்ளங்கையின் குறுக்கே சட்டம் பதிந்து, தோல் கிழிந்து, துருவும் இரத்தமும் ஒன்றாகக் கலந்திருந்தன.

"எப்பருந்து, மச்சான்?"

தகப்பனார் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னார். "அண்ணாச்சி... கத்துனதுக்கு... கொஞ்சம் முன்னால."

சாட்சியே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். அண்ணாச்சி கத்துவதற்கு முன்னால். அதாவது ஊசியும் மருந்தும் மருத்துவரும் ஒரு முழத் தூரத்தில் நின்று, "போட்டுடட்டுமா?" என்று கேட்டபோதே அவருக்கு வலி இருந்தது. மாமா சிரித்தபோது இருந்தது. "நல்லாருக்கேன்" என்று சொன்ன வாய்க்குள்ளேயே அது இருந்தது.

செவிலிப் பெண் ஆள் அனுப்பினாள். துறைமுகத்திலிருந்து மருத்துவர் வருவதற்குள் என் தகப்பனார் எங்களுக்குத் தெரியாத ஒருவராக ஆகிவிட்டார். வயிறு பலகைபோல் இறுகிவிட்டது. மூச்சை மேல் நெஞ்சிலேயே சிறிது சிறிதாக எடுத்தார். கடலடியில் அத்தனை நேரம் மூச்சடக்கியவர், காற்று நிறைந்த ஓர் அறையில் மூச்சுக்கு அஞ்சிக் கிடந்தார். மருத்துவர் வந்து ஊசி போட்டார். வலி குறைந்தது, போகவில்லை. இறுகிய வயிறு இறுகியபடியே இருந்தது. "எழுந்து உட்காருங்க, ஒரு தடவை இருமுங்க" என்று கெஞ்சினார். என் தகப்பனார் கண்ணை மூடிக்கொண்டார். கை கழுவும்போது மருத்துவர் என்னிடம், "அவர் ஒரு தடவை கத்தியிருந்தா போதும், தம்பி. ஒரே தடவை" என்றார்.

மாமா வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றார். நான் அருகில் போனேன். திரும்பாமலே பேசினார்.

"தண்ணிக்குள்ளன்னா கயிறு நடுங்கும், மருமவனே. அவரு சுண்டுகதுக்கு முன்னாலயே எனக்குத் தெரிஞ்சிரும். எத்தன தடவ நானாத் தூக்கிருக்கேன்! அவரு மேல வந்து வைவாரு. ஏம்லே தூக்குன, இன்னும் மூச்சு இருந்துச்சும்பாரு. இங்கன... இங்கன கட்டில்ல கயிறு இல்லையே."

அப்புறம் நடந்தது எல்லாம் மருத்துவர் முதல்நாளே சொன்னதுதான், வரிசைகூட மாறவில்லை. அவர் இருமவில்லை. சளி கட்டியது. காய்ச்சல் வந்தது. மார்பில் கடுகுப் பற்றுப் போட்டார்கள், பெனிசிலின் என்ற புது மருந்தை எங்கிருந்தோ வரவழைத்துக் குத்தினார்கள். உயிர் நின்றது. காய்ச்சல் இறங்கும் தறுவாயில் ஒரு விடியற்காலை அவரை ஓர் இருமல் பிடித்தது. எழுந்து உட்கார முடியாமல், வயிற்றைப் பிடிக்க வலுவில்லாமல், அவர் இருமி முடித்தபோது தொடை இடுக்கில் பழைய புடைப்பு திரும்ப வந்து நின்றது.

அண்ணாச்சி அதற்கு முன்பே நடந்து வீட்டுக்குப் போயிருந்தார். போகும் நாளில் எங்கள் கட்டிலருகே வந்து நின்றார். அவ்வளவு சத்தக்காரர் அன்று மெதுவாகப் பேசினார். "ஒரு கண்ணக் காட்டிருந்தா ஒமக்கும் சேத்து நான் கத்திருப்பேனேவே. எனக்கு என்ன செலவு?" தகப்பனார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நெஞ்சு தேறிய பின் மறுபடி அறுத்துத் தைக்கலாம், தைக்கத்தான் வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். "ஆனா கல்லைக் கட்டிக்கிட்டு இறங்குறது இனிமே இல்லை" என்றும் சொன்னார். சம்மாட்டி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து பார்த்தார். தோணியில் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்கப்போவதைச் சொல்லாமலே சொல்லிவிட்டுப் போனார். சங்கைக் குவித்து வைக்கும் கிட்டங்கியில் அதன் அழுகிய சதையைக் கழுவி எடுக்கும் வேலைக்கு அவரே சொல்லியும் வைத்தார். தாமே பொறுக்கி எடுத்த சங்கை மற்றவர்கள் கழுவப் பார்த்திருந்த என் தகப்பனார், மற்றவர்கள் பொறுக்கிவந்த சங்கைக் கழுவ உட்கார்ந்தார்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். துக்கம் வீட்டுக்குள்ளேயே கிடந்திருக்கும். ஆனால் எங்கள் கரை அதைப் புகழாக மாற்றியது. "வயித்துல கத்தி வச்சும் அந்த மனுசன் கயித்தச் சுண்டலியே!" என்று தோணிக்குத் தோணி பேச்சு. புதிதாக இறங்கும் பையன்களுக்கு அது பாடமாயிற்று. என் தகப்பனார் கடைத்தெருவில் நடந்தால் எழுந்து நின்று வழிவிட்டார்கள். புடைப்பைக் கையால் அழுத்திக்கொண்டு அவர் அந்த மரியாதையின் ஊடே நடப்பதை நான் பார்த்தேன். கடலைப் பறித்துக்கொண்ட அதே குணத்துக்குக் கடற்கரை கும்பிடு போட்டது.

குளிப்புக்குத் தோணிகள் இறங்கும் முன், மாதா கோயில் சாமியார் வந்து செபம் சொல்லித் தோணிகளை மந்திரித்த பிறகு, கரையில் வாலிபர் சங்கத்தார் ஒரு கூட்டம் போடுவது வழக்கம். அந்த ஆண்டு என்னைப் பேசச் சொன்னார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்: வலி பொறுக்கும் வீரம். முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு என் தகப்பனாரை உட்காரவைத்திருந்தார்கள். கிட்டங்கி நாற்றம் போகக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். பின்னால் மாமா நின்றார். தலைமை வகித்த சம்மாட்டி, "அப்பன் வாயத் தொறக்காமச் செயிச்சாரு. மவன் வாயத் தொறந்து செயிக்கான்" என்றார். கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டலில் என் தகப்பனார் முகம், அறுவைக்குப் பின் முதன்முறையாக, மலர்ந்தது. நான் எழுந்தபோது என்னைப் பார்த்தே மலர்ந்திருந்தது. அதை வைத்துக்கொண்டே நான் பேச வேண்டியிருந்தது.

நான் வீரத்தைப் பேசவில்லை. கட்டிலைப் பேசினேன். மருத்துவர் எந்த நேரத்தில் என்ன கேட்டார், என்ன பதில் வந்தது, அந்தப் பதிலின் விலை என்ன என்று மட்டும் சொன்னேன். அலங்காரம் ஒன்றும் சேர்க்கவில்லை. அண்ணாச்சி இப்போது மூட்டை தூக்குகிறார் என்று சொன்னபோது பின்னாலிருந்து ஒருவன், "அவனுக்குத் தண்ணி சுட்டுச்சு!" என்று கத்தினான், சிலர் சிரித்தார்கள். "ஆம், சுட்டது. அதனால் அவர் தப்பித்தார்" என்றேன். சிரிப்பு நின்றது. அதன்பின் கைதட்ட ஒருவரும் இல்லை. சம்மாட்டி கடலைப் பார்த்தார். என் தகப்பனார் முகத்தில் மலர்ந்திருந்தது மெல்ல மூடிக்கொண்டது. மூடுவதைப் பார்த்துக்கொண்டே நான் நிறுத்தாமல் பேசினேன். எனக்குக் கற்பித்தவர்கள் கற்பித்ததில் அது ஒன்றுதான் அன்று உதவியது.

மேடையைவிட்டு இறங்கி நேரே அவர் நாற்காலிக்குப் போனேன். மாமா வழிவிட்டார். தகப்பனார் நிமிரவில்லை. இடது கை நாற்காலிச் சட்டத்தைப் பிடித்திருந்தது. அதை விடுவித்து என் கையில் எடுத்துக்கொண்டேன். தழும்பு என் விரலில் பட்டது. கூட்டம் கலையாமல் நின்றது. எல்லோருக்கும் கேட்கும்படி, மேடையில் பேசிய அதே குரலில், அவரிடம் சொன்னேன்:

"அடுத்தாப்புல ஒங்கள அறுக்கப்ப இந்தக் கைய நான் பிடிச்சிட்டு இருப்பேன்ப்பா. நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். இது ஒரு நடுக்கம் நடுங்குனாப் போதும், டாக்டர் எங்க இருந்தாலும் கேக்கும்படியா நான் கத்துவேன். இந்தக் கரை பூராவும் நின்னு சிரிச்சாலும் கத்துவேன்."